மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லையா? உப்பு டப்பாவைப் பாருங்கள்

என் உம்மாவுக்கு 73 வயது. பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்து 9 வருடங்கள் ஆகின்றன. முதலில் ஒரு மாத்திரை. பிறகு அதையே இரண்டு மடங்கு வலுவில் கொடுத்தார்கள். பிறகு கூட இன்னொன்று. போன வருடம் மூன்றாவதும் சேர்ந்தது. அப்படியும் அளந்து பார்த்தால் 170/100 என்றே காட்டியது. உம்மா மாத்திரையை மறப்பவர் அல்ல. பஜ்ரு தொழுதுவிட்டு முஸல்லாவை மடித்து வைத்தால் அடுத்த வேலை மாத்திரை டப்பாவைத் திறப்பதுதான்.

ஒரு கட்டத்தில் அவருக்கே வெறுத்துவிட்டது. "இந்த மாத்திரையெல்லாம் எனக்குப் பிடிக்கல வாப்பா. விட்டுடட்டுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வார்த்தையைச் சொல்லி மாத்திரையை நிறுத்திய ஒருவரின் ஜனாஸாவை அதற்கு நான்கு மாதங்கள் முன்புதான் தொழ வைத்திருந்தேன். 52 வயது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டார். கடைசிப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு.

உம்மாவைப் பக்கத்து ஊரில் உள்ள ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். நாலாவது மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் திரும்பி, "வீட்டில் எத்தனை பேர்? ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வரும்?" என்று கேட்டார். மனைவி விரல்விட்டு எண்ணி, "நாலு பேரு. இருபத்தஞ்சு நாள் வரும்" என்றார். டாக்டரம்மா சீட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். நாளைக்கு 40 கிராம். ஆளுக்கு 10 கிராம். "இது பாக்கெட் கணக்கு மட்டும்தான். ஊறுகாய், கருவாடு, அப்பளம் இதில் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்குச் சொல்லும் அளவு 5 கிராமுக்கும் கீழே. இவ்வளவு உப்புக்கு நடுவில் மாத்திரை பாவம், என்ன செய்யும்?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. உப்பு பிரஷரை ஏற்றும், மாத்திரை இறக்கும் என்று கூட்டல் கழித்தலாகத்தான் நான் நினைத்திருந்தேன். உப்பு கூடினால் மாத்திரையே சரியாக வேலை செய்யாது என்பது எனக்குப் புதிய செய்தி. நான் மதரஸாவில் ஓதியவன், பிறகு அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். மருத்துவன் அல்ல. அதனால் அந்த டாக்டரம்மாவிடம் பலமுறை கேட்டு, அவர் காட்டிய ஆய்வுகளையும் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஓடாத மோட்டாரை நிறுத்தும் மாத்திரை

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். சோடியம் உடம்பில் தங்கினால் கூடவே தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்களுக்குள் ஓடும் திரவத்தின் அளவு கூடும், அழுத்தமும் கூடும். மிஞ்சிய உப்பை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் மகனுக்கு ஏறாத பிரஷர் உம்மாவுக்கு ஏறும்.

இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது.

உடம்பில் உப்பும் ரத்த ஓட்டமும் குறைவதாகத் தெரிந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற ஒன்றைச் சுரக்கும். அதிலிருந்து ஒரு சங்கிலி தொடங்குகிறது. அதன் முடிவில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கும். உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கும் உத்தரவு போடும். பிரஷர் ஏறும். உடம்பைக் காப்பதற்காக அல்லாஹ் படைத்த ஏற்பாடு இது. ரத்தம் கொட்டும் காயம் பட்டவனை உயிரோடு நிறுத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று நம் வீடுகளில் அதிகம் புழங்கும் பிரஷர் மாத்திரைகள் பல இந்தச் சங்கிலியை அறுப்பவைதான். மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது "சார்டன்" என்று முடிந்தால் (டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மெசார்டன்) இந்த வகை. "ப்ரில்" என்று முடிந்தாலும் (எனலாப்ரில், ராமிப்ரில்) இந்த வகைதான்.

இப்போது உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உப்பு நிறைய இருப்பதைப் பார்த்த சிறுநீரகம் ரெனின் சுரப்பதைத் தானாகவே குறைத்துவிடும். சங்கிலி ஏற்கனவே தளர்ந்து கிடக்கும். பிரஷர் ஏறியிருப்பது அந்தச் சங்கிலியால் அல்ல, தேங்கிய உப்பாலும் தண்ணீராலும். சங்கிலியை அறுக்க வந்த மாத்திரைக்கு அறுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஓடாத மோட்டாரின் சுவிட்சை அணைப்பது போன்ற வேலை அது. மாத்திரையின் வலுவை இரட்டிப்பாக்கினாலும் அணைந்த சுவிட்சை இன்னொரு முறை அழுத்துவதாகத்தான் ஆகும். உம்மாவுக்கு முதல் சில வருடங்களில் நடந்தது இதுதான் என்று டாக்டரம்மா சொன்னார்.

உப்பைக் குறைத்தால் இது தலைகீழாகும். உப்பு குறைந்ததும் சிறுநீரகம் ரெனினைச் சுரந்து பிரஷரைப் பழைய இடத்துக்கே தூக்கப் பார்க்கும். உப்பைக் குறைத்தும் சிலருக்குப் பிரஷர் பெரிதாக இறங்காததற்கு இது ஒரு காரணம். ஆனால் சார்டன், ப்ரில் மாத்திரை போடுபவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். உப்புக் குறைப்பு மாத்திரைக்கு வேலை கொடுக்கிறது, மாத்திரை உப்புக் குறைப்பின் பலனைக் காப்பாற்றுகிறது.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சிறுநீரக நோயால் சிறுநீரில் புரதம் போகும் 52 பேர். எல்லோருக்கும் லிசினோப்ரில் மாத்திரை முழு அளவில் கொடுக்கப்பட்டது. அதோடு வால்சார்டன் என்ற இரண்டாவது மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தார்கள், புரதம் போவது 21 சதவீதம் குறைந்தது. அதே ஆட்களுக்கு இரண்டாவது மாத்திரை இல்லாமல் உப்பை மட்டும் சுமார் 11 கிராமிலிருந்து சுமார் 6 கிராமுக்கு இறக்கிப் பார்த்தார்கள். 51 சதவீதம் குறைந்தது. பிரஷரைக் குறைப்பதிலும் இரண்டாவது மாத்திரையைவிட உப்புக் குறைப்பே முந்தியது. பட்டினி போடவில்லை, பத்தியம் வைக்கவில்லை. 6 கிராம் என்பது சாதாரணச் சாப்பாடுதான்.

நீர் மாத்திரையும் அம்லோடிபினும்

ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்றவற்றை "நீர் மாத்திரை" என்பார்கள். இவற்றின் வேலையே சிறுநீரகத்தின் வழியாக உப்பை வெளியே தள்ளுவது. இதைப் போட்டுக்கொண்டு கருவாட்டையும் ஊறுகாயையும் சாப்பிடுவது, மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே தொட்டியை இறைப்பதற்குச் சமம். மாத்திரை தள்ளிய அளவை நாம் மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடுகிறோம். பலன் போவது மட்டுமல்ல, உப்பு கூடக்கூட இந்த மாத்திரையால் பொட்டாசியமும் அதிகமாக வெளியேறும். காலில் தசைப்பிடிப்பு, அசதி என்று சிலர் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பல கூட்டு மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்ற எழுத்து இருக்கும். பெரும்பாலும் அது உள்ளே நீர் மாத்திரை கலந்திருப்பதைக் குறிக்கும்.

அம்லோடிபின் வேறு விதம். ரத்தக் குழாயின் சுவரை நேரடியாகத் தளர்த்துவதால் உப்பு அதிகம் சாப்பிடுபவரிடமும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். "அப்போ எனக்கு அம்லோடிபின் எழுதச் சொல்லி நிம்மதியா சாப்பிடலாமே ஹஜ்ரத்" என்று எங்கள் மஹல்லாவில் ஒரு பாய் கேட்டார். நல்ல மூளை! ஆனால் உப்பு பிரஷரை ஏற்றுவது அப்படியே இருக்கும். பெரும்பாலோருக்கு அந்த ஒரு மாத்திரை மட்டும் போதுவதும் இல்லை. அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்றவை ரெனினைக் குறைப்பதன் மூலமும் வேலை செய்வதால் அவற்றுக்கும் உப்பு இடைஞ்சல்தான்.

மூன்று வகையும் சேர்த்துப் போட்டும் பிரஷர் அடங்காதவர்களின் கதை என்ன? அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள், முடிவு 2009இல் வெளியானது. சிறிய ஆய்வு, 12 பேர்தான். ஆனால் சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட மாத்திரைகள் போட்டும் பிரஷர் இறங்காதவர்கள். மாத்திரையை மாற்றவில்லை. ஒரு வாரம் நாளைக்குச் சுமார் 15 கிராம் உப்புள்ள சாப்பாடு, இடையில் இரண்டு வாரம் இடைவெளி, இன்னொரு வாரம் சுமார் 3 கிராம் உப்புள்ள சாப்பாடு. இரண்டுக்கும் இடையே மேல் அளவில் 22.7, கீழ் அளவில் 9.1 வித்தியாசம் இருந்தது. ஒரு மாத்திரையைக் கூட்டினால் பொதுவாக இவ்வளவு இறங்காது. 15 கிராம் என்பது கூடுதல்தான். ஆனால் வாரத்தில் இரண்டு வலிமா விருந்தும், வீட்டில் தினமும் கருவாடும் இருந்தால் அது எட்டாத தூரமும் அல்ல.

"பிடிக்கவில்லை" என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி மாத்திரையின் குற்றம் அல்ல. அதே நேரம் எல்லாவற்றுக்கும் உப்புதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மாத்திரையைத் தவறவிடுவது, சிறுநீரக நோய், குறட்டையோடு வரும் மூச்சுத் தடை என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை டாக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தால் ஒருவர் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

உப்பைத் தொட்டுத் தொடங்கும் வழக்கம்

இதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு சிட்டிகை உப்பை நாவில் வைத்தால் 70 நோய்கள் தீரும் என்று ஒரு செய்தி நபிமொழி என்ற பெயரில் சுற்றி வருகிறது. சில வீடுகளில் ஸஹனுக்குப் பக்கத்தில் இதற்காகவே உப்புக் கிண்ணம் வைக்கிறார்கள். ஹதீஸ் கலை அறிஞர் இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தமது நூலில் இதைச் சேர்த்திருக்கிறார். அது சுன்னத் அல்ல. பிரஷர் உள்ள பெரியவர் ஒருவர் நன்மையை நாடி தினமும் ஆறு முறை உப்பைத் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. என் உம்மாவிடம் சொல்லப் போய், "உங்க பாட்டனார் செஞ்சாங்களே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் கழித்துக் கிண்ணம் தானாகக் காணாமல் போனது.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

நம் நாட்டில் உடம்புக்குள் போகும் உப்பில் பெரும்பகுதி வீட்டுச் சமையலில் நம் கையால் போடுவதுதான். சோற்றில் போடுகிறோம், குழம்பில் போடுகிறோம், தால்சாவில், வெங்காயத் தயிரில், பொரித்த மீனில் என்று தட்டில் உள்ள எல்லாவற்றிலும் இருக்கிறது. சோற்றுக்கு உப்புப் போடும் வழக்கத்தை நிறுத்தியதுதான் எங்கள் வீட்டில் செய்த முதல் மாற்றம். குழம்பில் உப்பு இருக்கும்போது வெறும் சோற்றுக்கு உப்பு எதற்கு? ஒரு வாரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நெய்ச்சோற்றுக்கு மட்டும் விலக்கு.

கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம், மிக்சர், ரொட்டி, சூப் பொடி, நூடுல்ஸ் மசாலா ஆகியவற்றில் உள்ளது கணக்கில் வராத உப்பு. கருவாட்டை நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் ஓரளவு போகும், முழுதாகப் போகாது. பிரியாணி சாப்பிட்டு வயிறு உப்பினால் கரைத்துக் குடிக்கும் நுரைக்கும் பொடியிலும் சோடியம் உண்டு. அது உப்பாகக் கரிக்காததால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்துப்பு, கல்லுப்பு என்று மாறினால் நல்லது என்பார்கள். எடைக்கு எடை பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய அதே சோடியம்தான். நிறம் மட்டும் வேறு, விலையும் வேறு.

இன்னொன்று உப்பே அல்ல, ஆனால் உப்பைப் போலவே மாத்திரையைக் கெடுப்பது. மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். சார்டன் அல்லது ப்ரில் மாத்திரையும் நீர் மாத்திரையும் போடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. முழங்கால் வலியோடு தொழும் நம் பெரியவர்களில் பலருக்கு இந்த மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. தயவுசெய்து திறந்து பாருங்கள்.

பொட்டாசியம் உப்பு: எல்லோருக்கும் அல்ல

சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் ஒன்று கிடைக்கிறது. சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நல்ல பொருள்தான். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்ததைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025இல் உலக சுகாதார நிறுவனமும் வீட்டுச் சமையலுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை.

சார்டன், ப்ரில் மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைப்பவை, ஸ்பைரோனோலாக்டோன் அதைவிடக் கூடுதலாக. இவற்றைப் போடுபவர், அதிலும் சிறுநீரகம் பலவீனமானவர், டாக்டரைக் கேட்காமல் பொட்டாசியம் உப்புக்கு மாறினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி வீட்டுக்கே அதை வாங்கிப் போட்டவர்களும் உண்டு. ஒரு ரத்தச் சோதனை பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு மாறுங்கள். எங்கள் வீட்டில் அது வேண்டாம் என்றார்கள், நாங்கள் வாங்கவில்லை.

குறைக்கும்போது கவனம்

மறுபக்கமும் உண்டு. இதுவரை 10 கிராம் சாப்பிட்டவர் ஒரே நாளில் உப்பில்லாச் சாப்பாட்டுக்குத் தாவினால், உள்ளே இருக்கும் மூன்று மாத்திரையும் ஒரேயடியாக வேலை செய்ய ஆரம்பித்துவிடலாம். ருகூவிலிருந்து நிமிரும்போது தலை சுற்றும். வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், வாரம் இரண்டு முறை பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். அளவு நன்றாக இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது டாக்டரின் வேலை, நம்முடையது அல்ல. "உப்பைக் குறைத்துவிட்டேன், இனி மாத்திரை எதற்கு" என்பது பழைய தவறின் மறுபிறவி.

நீர் மாத்திரை போடும் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடுவதும் உண்டு. குழப்பமாகப் பேசுவார்கள், தள்ளாடுவார்கள். "சோடியம் கம்மியா இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் யாருக்காவது சொல்லியிருந்தால் அவர் தம் டாக்டர் சொன்னபடியே நடக்கட்டும். இந்தக் கட்டுரை அவருக்கானது அல்ல. வாந்தி பேதி வந்தாலும் உடனே டாக்டரிடம் பேசுங்கள். அந்த நாட்களில் சில மாத்திரைகளை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

நோன்பிலும் இதே கவனம் வேண்டும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பில் காலையில் போட்ட நீர் மாத்திரை மயக்கத்தைத் தரலாம். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து எந்த மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு போடுவது, எதை ஸஹரில் போடுவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோன்பே வேண்டாம் என்று டாக்டர் சொல்பவருக்கு மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது, அதைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஸஹரில் ஊறுகாய் சாப்பிட்டால் அன்று அஸரில் தாகம் என்ன பாடுபடுத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளிவாசலில் போன ரமலானில் கஞ்சி காய்ச்சும் பாயிடம், உப்பைப் பாதியாகக் குறையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் மூன்று நாள் இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். பரண்டையில் ஒரு உப்பு டப்பா வைத்தோம். முதல் வாரம் டப்பா இரண்டு முறை காலியானது. கடைசிப் பத்தில் வைத்தது பெருநாள் அன்றும் பாதிக்கு மேல் இருந்தது.

உம்மாவுக்கு இப்போது 138/84. மூன்று மாத்திரையில் ஒன்றின் வலுவை டாக்டரம்மா பாதியாக்கியிருக்கிறார், மற்றவை அப்படியே தொடர்கின்றன. ஒரு கிலோ உப்பு பாக்கெட் 45 நாள் வருகிறது. வெள்ளிக்கிழமை பகல் சோற்றுக்கு மட்டும் நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு கேட்கிறார், கொடுக்கிறோம்.